இளவரசி புறப்படும்போது நான் எங்கே நிற்பது

மார்ச் 4, திங்கள்

தறிக்கு நூல் தார் சுற்றுகிற வேலை இன்று பாதிதான் ஆனது. பட்டு நூல் அறுந்து அறுந்து போகிறது. நூல் மேல் குற்றமில்லை, என் கைதான்.

மகள் இளவரசி அறையில் சுவரைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் விமானத்தின் முன்பக்கப் படம் ஒட்டியிருக்கிறது, ஒரே விசையும் வட்டமுமாக. கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கை நீட்டி எதையோ திருகுகிறாள், எதையோ தள்ளுகிறாள். என்னம்மா பண்ற என்று கேட்டால், "ஓட்டிக்கினு இருக்கேன், பேச்சு குடுக்காத" என்கிறாள்.

தென்னாப்பிரிக்கா போய்ப் படித்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். திரும்பி வந்து நம் நாட்டுப் பரீட்சையும் எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இனி ஏதாவது ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் அவள் அப்பா காத்திருந்தார். கார்த்திகை மாதம், பட்டுக் கடையில், ஆந்திராக்காரர்களுக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டு இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். "மா அம்மாயி விமானம் நடுபுதுந்தி" என்று அவர்களிடம் அப்போதுதான் சொன்னாராம், எங்க பொண்ணு விமானம் ஓட்டுது என்று. கூட நின்ற பையன்கள் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் புடவை விலையும் அந்த ஒரு வரியும்தான்.

மார்ச் 6

போர்வை மடிப்பதற்கு ஆள் இல்லை. அவர் மடித்தால் புடவை மாதிரி ஓரத்தோடு ஓரம் சேரும். நான் சுருட்டி வைத்துவிட்டேன்.

மார்ச் 9, சனி

செல்லியம்மாள் அண்ணி வந்தார்கள். அவருக்கு அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவர்கள். அவர் போனதிலிருந்து நான் சமைக்கிறேனா இல்லையா என்று பார்க்காமல் இருந்ததில்லை. இன்றும் ஒரு தூக்கில் ரசம்.

இளவரசி கடைக்குப் போயிருந்தாள். அண்ணி மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள்.

"போன மாசம் கொயந்த டெஸ்ட்டுக்குக் கெளம்பும்போது நீ ஏன் குழலி எதுர்ல வந்த?"

"டிபன் டப்பாவ மறந்துட்டா அண்ணி. குடுக்கலாம்னு—"

"நான் ஒண்ணும் சொல்லலமா. வருஷம் திரும்பற வரைக்கும் கொஞ்சம் ஒதுங்கி இரு. நாலு பேரு சொல்றாங்க. வெறும் நெத்தியோட நீ எதுர்ல வந்த, அது பெயிலாயிட்டு வந்து நிக்குது."

"அவ ஆகாசத்துல ஓட்டறவ அண்ணி. அதுக்கும் சகுனத்துக்கும்..."

"அதனாலதான் சொல்றேன். தரையில போறவனுக்கே வேணும்ன்ற போது அவளுக்கு வாணாமா?"

எனக்கும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது, அண்ணி வாய்விட்டுச் சொன்னார்கள்.

மார்ச் 10

இன்று யாரும் வரவில்லை. நான்கு கட்டு நூல் சுற்றினேன்.

மார்ச் 17, ஞாயிறு

கேட்டே விட்டேன், ஏன் பெயிலானாய் என்று. அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் பாதங்களைப் பிடித்து இழுத்தாள்.

"இதா பாரு. ரெண்டு இன்ஜின் இருக்குது. தரையிலயே பிளைட்டு மாதிரி ஒரு பொட்டி வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள எடது இன்ஜின பொய்யா ஆப் பண்ணிடுவாங்க. பிளைட்டு எடது பக்கம் திரும்பப் பாக்கும். அப்ப வலது கால மிதிக்கணும். நான் எடது கால மிதிச்சேன்."

"தெரியாமலா?"

"தெரியும்மா. ஆயிரம் வாட்டி மிதிச்சிருக்கேன். அன்னிக்குக் காலு போயிடுச்சி."

இவ்வளவுதான் என்று சிரித்துவிட்டு எழுந்து கை கழுவினாள். இது அவள் கால் செய்த தப்பு. அப்படித்தான் சொன்னாள். ஆனால் ஆயிரம் தடவை சரியாக மிதித்த கால் அன்றைக்கு மட்டும் ஏன் தப்பியது? அன்றைக்குக் காலையில் புதிதாக நடந்தது என்ன? நான் எதிரில் வந்தேன். அதுதானே.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். ஏகாம்பரநாதர் கோயிலில் என் பேர்க்காரி அம்மனுக்குக் கல்யாணம். ஏலவார்குழலி என்று எனக்குப் பேர் வைத்தவர்கள் வருஷா வருஷம் கூட்டிப் போவார்கள். கல்யாணமான பிறகு அவர் கூட்டிப் போவார். இந்த வருஷம் துக்க வீடு, கோயில் கிடையாது. மேளச் சத்தம் தெருவரை கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன். புழுக்கமாக இருந்ததால் மறுபடி திறந்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வேறொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் வைத்த எழுத்துப் பரீட்சை முன்பே பாஸ். அந்தப் பொய் விமானத்தில் ஓட்டிக் காட்டுவது பாக்கி. இருபத்து நான்காம் தேதி, சென்னையில், காலை பத்து மணிக்கு.

தென்னாப்பிரிக்காவில் அவள் படித்த இடத்திலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. அங்கேயே வந்து சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடு என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கைக்கு வந்த வேலை, போயேன் என்றேன். என் வாய்தான் சொன்னது.

"அங்க பெரிய பிளைட்டுக்கு ஆள் எடுத்தா மொதல்ல அந்த ஊர்ல பொறந்தவங்களதாம்மா கூப்புடுவாங்க. அது நியாயந்தான். நான் என்னிக்கும் பின்னாடிதான் நிக்கணும். இது நான் பொறந்த ஊரு. இங்க என்னை யாரும் ஒதுங்கி நில்லுன்னு சொல்ல முடியாதுல்ல."

அவள் அப்பா கேட்டிருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

ஏப்ரல் 16

மனசு சரியில்லை. இளவரசி சாப்பிடக் கூப்பிட்டபோது, நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது என்று சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஏன் சொன்னேன்? சும்மா வந்துவிட்டது.

ஏப்ரல் 23, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு அவள் ஆறு மணிக்குக் கிளம்புகிறாள். அவள் எழுவதற்கு முன்னால் நான் முதல் பஸ் பிடித்து வாலாஜாபாத்தில் தங்கை புவனேஸ்வரி வீட்டுக்குப் போய்விடுவேன். அண்ணியை வந்து வழியனுப்பச் சொல்லியிருக்கிறேன். பூவும் பொட்டுமாக அண்ணி எதிரில் வரட்டும். நான் எங்கே போகிறேன் என்று அண்ணிக்கும் சொல்லவில்லை. சொன்னால் இளவரசியிடம் சொல்லிவிடுவார்கள். அவள் என்னைப் பார்க்காமல் கிளம்பமாட்டாள்.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அவள் குரல் கேட்டால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

ஏப்ரல் 24, புதன்

என்ன பண்ணிட்டேன் நான்.

எழுத வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாலாஜாபாத்தில் புவனா காபி கொடுத்தாள். அக்கா திடீரென்று வந்திருக்கிறாளே என்று சந்தோஷம் அவளுக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள், இந்நேரம் பெரும்புதூர் தாண்டியிருப்பாள் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டு இருந்தேன். பத்து மணிக்குக் கிழக்குப் பார்த்துக் கும்பிட்டேன். அப்புறம்தான் புவனா, இளவரசி எப்படி இருக்கிறாள் என்று கேட்டு, கேட்ட கையோடு அவளுக்குப் போன் போட்டாள். போட்டவள் முகம் மாறிவிட்டது. "இங்கதாண்டி இருக்குது... காலையிலயே வந்துச்சி... எங்கயும் போவல..." என்று சொல்லிக்கொண்டே போனை என்னிடம் நீட்டினாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது வாசலில் பக்கத்து வீட்டு சித்தாரா நின்றிருந்தாள். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"எங்கக்கா போன? அது எழுந்து பாத்துச்சாம், நீ இல்ல. போன் அடுப்பாண்ட கெடக்குது. உங்க நாத்தனாரு 'எங்கனா போயிருப்பா, நீ கெளம்பு'ன்றாங்க. அது கேக்குமா? என்னையும் இட்டுக்கினு ரயில்வே ஸ்டேஷன் போச்சு. அப்புறம் சர்வதீர்த்தக் கொளம். வெள்ள சட்ட போட்டுக்கினு, டெஸ்ட்டுக்குப் போற டிரெஸ்ல, கொளத்தச் சுத்தி ஓடுதுக்கா. படி படியா எறங்கித் தண்ணியப் பாக்குது. டெஸ்ட்டுக்கே போவல."

அவள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஷூ கூடக் கழற்றவில்லை. ஷூவில் சேறு.

"எதுக்குமா போன?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. "தண்ணிக்குள்ள தேடினேம்மா உன்ன" என்றாள்.

அண்ணி பூக்கூடையோடு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பஸ் ஏறியது நான்.

ஏப்ரல் 25

பேசவில்லை. சாப்பிட்டாள். நானும்.

ஏப்ரல் 27, சனி

சித்தாரா வந்தாள். அவள் மாமியாரும் போன வருஷம் புருஷனை இழந்தவர்தான்.

"எங்க மாமியாரு இத்தான்னு எங்க முறையில துக்கம் இருந்தாங்கக்கா. நாலு மாசம் பத்து நாளு, வெளிய வராம. நாள் முடிஞ்சிது, குளிச்சிட்டு மார்க்கெட்டுக்குப் போயி என் புருஷனோட சண்டை போட்டுக்கினு கத்திரிக்கா வாங்கினாங்க. உங்களுதுக்கு எப்போக்கா நாள் முடியும்?"

வருஷம் திரும்பினால் என்றேன்.

"வருஷம் திரும்பினா எதுர்ல வரலாமா?"

யோசித்துப் பார்த்தேன். அப்பா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் என் அம்மா என் கல்யாணப் பந்தலில் தூணுக்குப் பின்னால்தான் நின்றாள். போட்டோவில் புடவைத் தலைப்பு மட்டும் தெரியும். நாள் முடிவதாக யாரும் யாருக்கும் சொன்னதில்லை. நானும் அம்மாவை முன்னால் வா என்று கூப்பிடவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

நாளைக்குள் தென்னாப்பிரிக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் அவளாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போயிடட்டுமா?"

போ என்று சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும். நான் செய்தது மறைந்துபோகும். அதனால்தான் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"அந்தக் கம்பெனிக்கு எழுதிப் பாத்தியா?"

"என்னன்னு எழுதறது? எங்கம்மா சகுனத்துக்கு பயந்து பஸ் ஏறிடுச்சின்னா?"

"அம்மாவக் காணோம்னு தேடினேன்னு எழுது. பொய் இல்லையே."

சிரித்தாள். அன்றைக்கு அப்புறம் முதல் சிரிப்பு. "உன்ன வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று சொல்லிக்கொண்டே எழுத உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 30

கம்பெனி பதில் போட்டது. இந்த முறை இடமில்லை, அடுத்த முறை ஆள் எடுக்கும்போது கூப்பிடப் பார்க்கிறோம், எப்போது என்று சொல்வதற்கில்லை. இவ்வளவுதான். கூப்பிடுகிறோம் என்று கூட இல்லை.

அதைப் படித்துவிட்டு தென்னாப்பிரிக்காவுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள். ஏன்டி என்றேன்.

"நான் கேட்டது இந்த வேலமா" என்றாள்.

மே 19, ஞாயிறு

டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஓட்டுகிறாள். நான் தார் சுற்றிக்கொண்டே அவள் கால்களைப் பார்க்கிறேன். வலது, இடது, வலது.

ஜூன் 2

இன்றும் எதுவும் வரவில்லை. கைக்கு வந்த வேலையை விடச் செய்துவிட்டேனோ?

ஜூன் 21, வெள்ளி

அந்தக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். இருபத்தாறாம் தேதி.

ஜூன் 26, புதன்

எங்கும் போகவில்லை. அண்ணி வந்து வாசலில் நின்றார்கள். நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இவ்வளவுதான் என்னால் முடிந்தது. தைரியம் ஒரே நாளில் வருமா?

ஷூ சத்தம் வாசல் வரை போனது. நின்றது. திரும்பி வந்தது. கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். நன்றாக, நிதானமாக, விமானத்தில் ஏறுமுன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்களாமே, அப்படி. அப்புறம் போனாள்.

சாயங்காலம் வந்தாள். வலது இன்ஜினை நிறுத்தினார்களாம். "எடது கால மிதிச்சேம்மா" என்றாள்.

ஜூலை 5

எடுத்துக்கொண்டார்கள்.

அவர் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணிக்கு நானே போய்ச் சொன்னேன். "பாத்தியா, நீ உள்ள இருந்ததாலதான்" என்றார்கள். "அவ என் மொகத்தப் பாத்துட்டுத்தான் போனா அண்ணி" என்றேன். அண்ணி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்கள். பிறகு, "உக்காரு, காபி போடறேன்" என்றார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

வருஷத் திதி முடிந்தது. ஹைதராபாத்தில் ட்ரெய்னிங்கிலிருந்து இளவரசி வந்து போனாள். இறக்கையில் விசிறி வைத்த விமானமாம் அவளுக்கு. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, இனி நீ கோயிலுக்கெல்லாம் போகலாம் என்றார்கள். வேறு எதற்கு வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

இன்றைக்கு முதல் டூட்டி. சென்னையிலிருந்து மதுரை, திரும்ப சென்னை. கேப்டனுக்குப் பக்கத்து சீட்.

டாக்ஸி ஸ்டாண்டு குரு காலையில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். தோளில் பட்டை வைத்த சட்டையில் இளவரசியைப் பார்த்து தெருவே நின்றது. அவள் பின்சீட்டில் பெட்டியை வைத்து ஏறினாள். நான் படியிறங்கிப் போய் காருக்கு நேர் முன்னால், தெருவின் நடுவில் நின்றேன்.

குரு கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். நல்ல பிள்ளை. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"அம்மா, பாப்பா மொத நாளு டூட்டிக்குப் போவுது... நீங்க கொஞ்சம் அப்டி ஓரமா... செல்லியம்மா பெரியம்மாவ வரச் சொல்லட்டா?"

பின்சீட்டில் இளவரசி வாயைத் திறக்கப் போனாள். நான் கையைக் காட்டினேன், நீ இரு என்று.

"நான்தாம்பா அவளுக்கு அம்மா. வண்டிய எடு."

குரு என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சாவியைத் திருகினான். எங்கள் தெரு குறுகல், நான் ஒரு எட்டு நகர்ந்தாலும் என் எதிரில் வந்துதான் தாண்டிப் போக வேண்டும். தாண்டிப் போனது.