உப்புத் தண்ணீர் தின்ற ஜாயிண்ட்

இல்லை மாப்ள, நீ சொன்னதுதான் தப்பு. செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து முறுக்கிவிட்டால் ஆயுசுக்கும் நிற்கும் என்று என் வாயை அடைத்தாயே, என் அருமை முனிரத்தினம், வந்து பார் உன் ஜாயிண்ட்டை!

நாராயணவனம் வீட்டுக் கொல்லையில் மோட்டாருக்கு எர்த் குழி வெட்டினாய். கரியும் உப்பும் கொட்டி, செம்புக் கம்பி நட்டு, மோட்டாரிலிருந்து வந்த அலுமினிய ஒயரை அதில் முறுக்கினாய். மண் காயக் கூடாது என்று அமாவாசைக்கு அமாவாசை ஒரு குடம் உப்புத் தண்ணீர் வேறு. நீ போன பிறகும் என் தங்கச்சி கோவிந்தம்மா அதை விடவில்லை. உனக்குப் படையல் வைத்த கையோடு குடத்தைத் தூக்குகிறாள். குழியில் ஊற்றினாலாவது பரவாயில்லை. உன் முறுக்கின் மேலேயே ஊற்றுகிறாள்.

இப்போது மோட்டாரைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. ரேணிகுண்டாவிலிருந்து எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். உன் முறுக்கைக் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"பெத்தாயனா, இது ஒயரா, விபூதியா? செம்போட சேந்து உப்புத் தண்ணில கெடந்தா அலுமினியந்தான் அரிக்கும். எலெக்ட்ரான குட்த்துக் குட்த்தே போய்டும். மேல வெள்ளையா கீதே, அது வழியா கரெண்டு போவாது."

அஞ்சாவது படித்தவன் சும்மா விடுவேனா? நோண்டி நோண்டிக் கேட்டேன். உலோகமெல்லாம் எலெக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிட்டு ஒன்றாக உட்கார்ந்திருக்குமாம், அதனால்தான் கரெண்ட் ஓடுகிறதாம். குளோரின் மாதிரி அலோகம் பிடுங்கிக்கொள்ளும் ரகம். சோடியம் ஒன்றைக் கொடுத்து, குளோரின் அதை வாங்கி, இரண்டும் ஒட்டிக்கொண்டால் உப்பு. சிலிக்கான் இரண்டுக்கும் நடுவில். சும்மா இருந்தால் கரெண்டை அவ்வளவாக விடாது, சூடு ஏறினால் விடும். உன் ஞாபகம்தான் வந்தது. என் தங்கச்சி குரல் ஏறினால்தானே நீ அசைவாய்?

இத்தனையும் புரிந்து என்ன பிரயோசனம்? அவள் வெட்ட விடவில்லையே.

"அவுரு கையால முறுக்கினது. தொடாத."

"ஷாக் அடிக்குதே, கோவிந்தம்மா!"

"ஷாக்கு இல்லண்ணா. நா கை வச்சா அவுரு புட்சிக்கிற மாரி கீது."

கேட்டாயா, மாப்ள? புத்தூர் சந்தையில்கூட அவளை விட்டுவிட்டு முன்னால் நடந்தவன் நீ. உயிரோடு இருந்தபோது பிடிக்காத கையை இப்போது மோட்டாரில் வந்தா பிடிப்பாய்? ஈரக் கையோடு ஒருநாள் அவளால் விட முடியாமல் போனால் யார் பதில் சொல்வது?

இன்று காலை மறுபடியும் உட்கார வைத்தேன்.

"தோ பாரு, அது அவன் இல்ல. மோட்டார் உள்ள ஒயர் உரிஞ்சிக்கினு கீது. கரெண்டு பூமிக்குப் போவ வழியில்லாம உன் ஒடம்புல..."

"நீ பேசிக்கினே இரு" என்று எழுந்துவிட்டாள். போனது மோட்டார் பக்கம்.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அவள் மோட்டார் மேல் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றாள். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

நாளைக்கு உன் முறுக்கை நான்தான் வெட்டப்போகிறேன். செம்புக்குச் செம்பு ஒயரே போட்டு, மோட்டாரையும் பட்டறைக்கு அனுப்புவேன். அவள் இனிமேல் என்னோடு பேசாவிட்டாலும் சரி. இப்போதைக்கு அவளை உன்னிடம் அனுப்புவதாக இல்லை, மாப்ள. இன்னும் கொஞ்ச காலம் நீ தனியாகவே கிட.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு எப்போதும் மச்சான்