கறுப்பு டயலில் சிவப்பு அம்பு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் எழுந்தபோதே சுவர் வியர்த்திருந்தது. தெற்குக் காற்று திரும்பிவிட்டது. துவைத்த பனியன் மூன்றாவது நாளாகக் கொடியில் தொங்குகிறது, போட்டதைவிட ஈரமாக. இந்த நாட்களில் குவாங்சோவில் எவனும் கைக்கடிகார டயலுக்கு வார்னிஷ் அடிக்க மாட்டான். அடித்தால் ஈரம் உள்ளே புகுந்து கறுப்பு வெளுத்துவிடும், கண்ணில் புரை விழுந்த மாதிரி. ஆகவே வேலை இல்லை. ஆகவே தேநீர்க் கடை. ஆகவே மாக்.

மாக்கின் பட்டறை ஐந்தாம் மாடி, என்னுடையது மூன்றாம் மாடி. ஒரே கட்டடம், ஒரே தொழில். இத்தனை வருடங்களில் அவன் எனக்குத் தேநீர் ஊற்றியதில்லை. இன்று ஊற்றினான். நன்றி சொல்லும் எங்கள் வழக்கப்படி மேசையை இரண்டு விரலால் தட்டிவிட்டு, என்னவோ இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது.

"உன் பொண்ணுக்குப் பொல்லாத கண்ணுய்யா," என்றான்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறான்.

என் மகள் யூக்லாம் நல்ல வேலையை விட்டுவிட்டு, பழைய பாணியில் சொந்தமாக ஒரு கைக்கடிகாரம் செய்கிறாள். அறுபதுகளில் வந்த மாதிரி பளபளக்கும் கறுப்பு முகம், பொன்னிறத்தில் எழுத்து. முதல் வாட்ச். அதன் டயலைச் செய்ய மாக்கிடம் கொடுத்திருக்கிறாள். அப்பன் டயல் செய்கிறவன். அவள் குடித்த பால், படித்த படிப்பு, எல்லாம் டயல். அவள் கொடுத்தது மாக்கிடம்.

என் கதவைத் தாண்டாமல் ஐந்தாம் மாடிக்கு எப்படிப் போனாள்? யோசித்துப் பார்த்தேன். பின்பக்கம் சரக்கு லிஃப்ட் இருக்கிறது. என் மகள் பெட்டிகளோடு பெட்டியாக மேலே போயிருக்கிறாள்.

மார்ச் 4

சௌஹாவுக்குத் தெரியுமாம். என் மனைவிக்கு. புது வருஷத்துக்கு முன்பிருந்தே தெரியுமாம்.

ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா இப்படிக் கத்துவீங்கன்னுதான்," என்றாள். நான் கத்தவில்லை என்று கத்தினேன்.

உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று மூலிகைத் தேநீர் காய்ச்சிக் கொடுத்தாள். என்ன கசப்பு! குடித்துவிட்டு இன்னும் கோபம் வந்தது, இப்போது அந்தத் தேநீர் மேலும்.

என்ன குறை என் வேலையில்? சரி, நான் ஒன்பதாவதோடு நின்றவன். எனக்குப் படிக்கத் தெரியாத ஆங்கில எழுத்தை ஆயிரமாயிரமாக அச்சடித்திருக்கிறேன், ஒன்றுகூடத் தலைகீழாகப் போனதில்லை. பெரும்பாலும். மொத்த வியாபாரிகள் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கையை நீட்டிப் பார்த்து நன்றாக இருந்தால் அது நல்ல டயல். வாட்சை யாராவது பூதக்கண்ணாடியோடு கட்டிக்கொள்கிறார்களா?

மார்ச் 5

யாரிடமும் பேசவில்லை. சாப்பிட்டேன்.

மார்ச் 7, சனி

பொறுக்கவில்லை. ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். படியில்தான். சரக்கு லிஃப்டில் போக எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் இடம் கேட்டது.

சண்டைக்குத்தான் போனேன். மாக் முந்திக்கொண்டான். "வாய்யா, நல்லவேளை வந்தே. இதைப் பாரு," என்று ஒரு டயலைக் கையில் வைத்தான். அவன் செய்து, யூக்லாம் திருப்பி அனுப்பிய சாம்பிள். குறை உள்ள இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே சின்னச் சிவப்பு அம்பு, அதில் இரண்டு. ஒன்று மூன்றுமணிக் கோட்டில், ஒன்று எழுத்தில்.

லென்ஸை மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் தெரிந்தது, கோட்டின் நுனி ஒரு முடியளவு வீங்கியிருந்தது. அம்பு இல்லாவிட்டால் என் ஏழு தலைமுறைக்கும் தெரிந்திருக்காது.

"ரெண்டாவது தடவைய்யா. என் சம்சாரம்கூட என்னை இப்படித் திருப்பி அனுப்பினதில்ல. உன் பொண்ணை நீயே கூட்டிட்டுப் போ, புண்ணியமாப் போகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கோபமாக அல்லவா வந்திருக்கிறேன்? அவள் எழுத்து வெட்டிய உருக்குத் தகட்டைக் கொடு, நான் ஒன்று அடித்துக் காட்டுகிறேன் என்றேன். தொல்லை விட்டால் சரி என்று துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டான்.

மார்ச் 9

அடித்தேன். தகட்டின் குழியில் பொன் மையை வழித்து, ரப்பர் உருண்டையில் ஒற்றி எடுத்து, கறுப்பின் மேல் வைத்து அழுத்தி எடுத்தபோது, சொல்லக்கூடாது, அழகாக விழுந்தது. இத்தனை சின்ன எழுத்தை நான் இதுவரை அடித்ததில்லை.

இனி மேல்பூச்சு. சுவர் இன்னும் வியர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. காற்று உலரும்வரை பொறுக்க வேண்டும். தெரியும். ஆனால் அவள் டயல் வேலை மேலே மாக்கிடம் இருக்கிறது, என் வயிறு இங்கே எரிந்துகொண்டிருக்கிறது. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை முழு வேகத்தில் வைத்துவிட்டு வார்னிஷ் அடித்தேன்.

சரியாக வரும். வராமல் என்ன?

மார்ச் 10, செவ்வாய்

வரவில்லை.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு மூட்டம். அடுப்படி ஜன்னலில் ஆவி படிந்த மாதிரி. சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பழைய பாணி வாட்ச்தானே, பழசு மாதிரி இருந்தால் பொருத்தம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் யூக்லாம் முன்னால் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தாள். சாய்த்தாள். கட்டைவிரல் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"நல்லாருக்குப்பா," என்றாள்.

டயலைத் துடைத்து வைத்துவிட்டு மீன் துண்டை எடுத்தாள்.

மாக்குக்கு இரண்டு அம்பு, எனக்கு எங்கே என்றேன். சாப்பிடுங்கப்பா என்றாள். விடவில்லை. என்னிடம் ஏன் கொடுக்கவில்லை, அதையாவது சொல் என்றேன். சௌஹா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மிதித்தும் கேட்டேன்.

யூக்லாம் சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். "மாக் மாமாவுக்குத் திருப்பி அனுப்பினா ஒரு வாரம் முணுமுணுப்பாரு, அவ்வளவுதான். உங்களுக்கு அனுப்பிட்டு நான் எங்கப்பா போய்ச் சாப்பிடறது?"

பாதிக் கிண்ணம் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 11

கோபம் அடங்கவில்லை. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. அதுதான் இன்னும் கோபம்.

அந்த 'நல்லாருக்குப்பா'. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு டயலுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு என் வேலை பிடிக்கும் என்றல்லவா இருந்தேன்? இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா அத்தனையையும் நல்லா இருக்கிறது என்றாள்? மாக்கிடம் உண்மை, என்னிடம் உபசாரம். வீட்டுக்கு வந்த விருந்தாளியா நான்?

சௌஹா கசப்புத் தேநீர் கொண்டுவந்தாள். கேட்காமலே குடித்தேன்.

மார்ச் 14, சனி

சட்டை மாற்றிக்கொண்டு, யூக்லாம் வேலைக்கென்று வாடகைக்கு எடுத்திருக்கும் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன். வீட்டில் ஒரு நாளும் தட்டியதில்லை.

"முதலாளியம்மா, டயல் வேலை இருக்குன்னு கேள்விப்பட்டேன். சாம்பிள் அடிச்சுத் தர்றேன். பிடிக்கலேன்னா திருப்பி அனுப்புங்க. வீட்டுச் சோறு வேற, இது வேற."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நாற்காலி போட்டாள். எழுத்தின் தடிமன், பொன்னின் நிறம், ஈரம் உலரும்வரை வார்னிஷ் கூடாது - ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாக் மாமாவும் இன்னொரு சாம்பிள் தருவார், எது சரியோ அதுதான் என்றாள்.

இந்த வயதில் நான் மாக்கோடு போட்டி போட வேண்டுமாம்! திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். பேருந்தில் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

மார்ச் 19

சுவர் இன்னும் அழுகிறது. வார்னிஷைத் தொடவில்லை. படியில் மாக்கைப் பார்த்தேன். அவனும் தொடவில்லையாம். வானிலை பற்றி மட்டும் பேசிக்கொண்டோம், இரண்டு தூதர்கள் மாதிரி.

மார்ச் 24

வடக்குக் காற்று. பனியன் காய்ந்தது. அடித்தேன்.

மார்ச் 26

இந்த முறை மூட்டம் இல்லை. ஜன்னலில் பார்த்தேன், விளக்கில் பார்த்தேன், படியில் உட்கார்ந்தும் பார்த்தேன். என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது ஒன்றும் பெரிய சான்று இல்லை என்று இப்போது தெரியும். கொடுத்தனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மதியம் மாக் படியிறங்கி வந்தான். "என் டயல் வேண்டாம்னு சொல்லிட்டாய்யா உன் பொண்ணு. நல்லா மாட்டிக்கிட்டே," என்றான். சந்தோஷமா வருத்தமா என்று அவன் முகத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூரியர்காரன் வந்தான். ஒரே வீட்டில் இருக்கிறோம், சாயங்காலம் கையிலேயே கொடுத்திருக்கலாம். முறைப்படி கூரியரில் அனுப்பியிருக்கிறாள். பிரித்தேன். என் டயல். மூன்று சிவப்பு அம்பு.

மூன்று! மாக்குக்கே இரண்டுதான். ஆறுமணிக் கோடு கோணலாம். எனக்கு நேராகத்தான் தெரிகிறது. லென்ஸில் கோணல்தான். என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு! மாக்கைப் பிடித்து நிறுத்தி மூன்றையும் காட்டினேன்.

இரவு சாப்பாட்டில் யாரும் டயல் பேச்சை எடுக்கவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். யூக்லாம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே இரண்டாவது கிண்ணம் சோறு போட்டுக்கொண்டாள். எனக்கு மட்டும் கசப்புத் தேநீர்.