நின்றான் என்று எழுதியவள்

கார்வில், ஒஹாயோ
ஜூன் 7, 1971

அன்புள்ள செசிலியாவுக்கு,

மகள் வீட்டு ஏரிக்காற்று உன் முழங்காலுக்கு நல்லது செய்வதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். இங்கே யாருக்கும் எதுவும் நல்லது செய்யவில்லை. நம் பேஸ்பால் அணி ஹெரன்ஸ் நேற்றும் தோற்றார்கள். தொடர்ந்து எட்டாவது தோல்வி. ஒன்பது இன்னிங்ஸில் மொத்தம் மூன்று அடி, அதிலும் ஒன்றை அடித்தவன் பந்து எறிபவன். அடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் மற்ற எட்டுப் பேரும் மட்டையை நனைந்த குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு போனார்கள், அப்படியே திரும்பி வந்தார்கள்.

ஓடவே தெரியாத கேட்சரை முதல் ஆளாக மட்டை பிடிக்க அனுப்புகிறார் மேலாளர். இடது ஓரத்தில் நிற்கிறவர் குனிந்து பந்தை எடுப்பதற்குள் நான் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம். கீழ் அணியில் டுப்ரே என்று ஒருவன் வாரம் முழுக்கச் சுவரைத் தாண்டி அடித்துக்கொண்டிருக்கிறான். அவனைக் கூப்பிட ஆளில்லை.

இப்போது உன் மகனைப் பற்றி. ரேமண்டுக்கு ஞானஸ்நானத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவள் நான். அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். பத்துத் தடவை மட்டை பிடித்தால் இரண்டு தடவைகூட அடிப்பதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த வருஷம் நான் பார்த்த ஆட்டங்களில் முப்பத்தெட்டு முறை மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறியிருக்கிறான். அதில் இருபத்து மூன்று முறை மட்டையை அசைக்கவே இல்லை, போன செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டு முறை. தோளில் வைத்துக்கொண்டு பந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். என் ஆட்டக் குறிப்பு அட்டையில் அத்தனைக்கும், வெளியேறியதைக் குறிக்கும் 'கே' எழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். மட்டையை வீசித் தவறியவனுக்கு நேராகப் போடுவது, நின்றவனுக்குக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போடுவது என்ற வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. வீசித் தவறுவது மனித பலவீனம். நிற்பது சோம்பல்.

என் லெனார்ட் இறந்தபின் காலியான இருக்கையில் இப்போது ஹ்ருஸ்கா உட்காருகிறார். தச்சுப் பட்டறை வைத்திருந்தாரே, அவர்தான். ஆட்டத்துக்குப் பொருத்தமான ஆள், வாய் மட்டும் ஓயாது. போன செப்டம்பரில் ரேமண்ட் கைவிட்ட ஒரு பந்தை அவர் இன்னும் கைவிடவில்லை.

என்றும் உன்,
பிலோமினா

*

லேக் ஹேவன், மிஷிகன்
ஜூன் 14, 1971

அன்பு ஃபில்,

உன் கடிதத்தை மகளுக்குத் தெரியாமல் படித்தேன். தம்பியைப் பற்றி அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். எனக்கு எழுதிய அந்த இருபத்து மூன்றை ஒரு தடவை அவனுக்கே எழுதியிருக்கலாமே. ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டான்.

ஒரு சின்னச் சந்தேகம். நீ எழுதிய அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு முறை நின்றான் என்கிறாய். நான் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு முறையும் வீசினான் என்றுதான் அறிவிப்பாளர் சொன்னார். இரண்டாவது தடவை வீசிய வேகத்தில் தொப்பியே கழன்றுவிட்டதாம். அதைக் கேட்டு நான் சிரித்தேன், அதனால்தான் நினைவிருக்கிறது. எழுதும்போது வரிசை மாறியிருக்குமோ?

டுப்ரே நன்றாக ஆடட்டும். அவனுக்கும் ஓர் அம்மா இருப்பாள்.

அன்புடன்,
செசிலியா

*

கார்வில்
ஜூன் 19, 1971

செசிலியாவுக்கு,

வரிசை மாறியிருக்குமோ என்று என்னைக் கேட்கிறாய். கோட்டுக்கு வெளியே ஓர் எழுத்துப் போனால் பக்கம் முழுவதையும் மறுபடி எழுத வைத்த சிஸ்டர் பெனடிக்டாவிடம் எட்டு வருஷம் படித்தவள் நான். நீயும்தான் படித்தாய். உன் காகிதம் அப்போதே கசங்கியிருக்கும்.

அந்த அறிவிப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பது அணி. மழையில் ஆட்டம் நின்றாலும் வெயில் என்று சொல்லத்தான் அவரை வைத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. நாற்பத்தொரு வருஷ அட்டைகள் என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றிலாவது அழித்து எழுதிய இடம் காட்டு.

அதனால் என் கருத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன். நாளை மாலைப் பத்திரிகையில் வரும். ரேமண்ட் ஆடாமல் வெளியே உட்காரவேண்டும், டுப்ரே வரவேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறேன். முழுப் பெயரோடுதான் எழுதியிருக்கிறேன். மொட்டைக் கடிதம் எழுதுகிறவள் இல்லை நான்.

நீ வேறொருவர் வாயால் கேட்கக்கூடாது என்றே முன்கூட்டித் தெரிவிக்கிறேன்.

பிலோமினா

*

லேக் ஹேவன்
ஜூலை 2, 1971

பிலோமினா,

நீ முன்கூட்டித் தெரிவித்த கடிதம் இரண்டு நாள் பிந்தி வந்தது. அதற்குள் மூன்று பேர் தொலைபேசியில் வாசித்துக் காட்டிவிட்டார்கள். 'இவருடைய ஞானத்தாய் என்ற முறையில் வேதனையோடு எழுதுகிறேன்' என்று போட்டிருக்கிறாயாமே. அந்த வேதனையை வைத்துத்தான் பத்திரிகைக்காரன் தலைப்புப் போட்டிருக்கிறான்.

அடுத்த ஆட்டத்துக்குப் பார்வையாளர்கள் படுக்கைவிரிப்பில் திருப்பிப் போட்ட எழுத்தை எழுதிக்கொண்டு வந்து தொங்கவிட்டார்கள். இருபத்து மூன்று விரிப்புகள். எதிரணி ஆட்டக்காரர்கள் கூட எண்ணிப் பார்த்துச் சிரித்தார்களாம். போன வாரம் வியாழக்கிழமை அவனைக் கீழ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அணி ஆடுவது இங்கேதான், என் மகள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. முப்பத்தொரு வயதில், இரண்டு பிள்ளைகளோடு, அம்மா இருக்கும் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறான். நான் சந்தோஷப்படவேண்டுமா?

அவன் உன்மேல் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என்ன சொன்னான் தெரியுமா?

"ஃபில் ஆன்ட்டி எழுதினா சரியாத்தான் இருக்கும்மா. வீசின மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா அவங்க அட்டையில நின்னான்னு இருந்தா நின்னுருப்பேன் போல."

தன் கையை நம்பாமல் உன் பென்சிலை நம்புகிறான். இப்போது எல்லாப் பந்துக்கும் வீசுகிறான். கணுக்காலுக்கு வருவதற்கும் வீசுகிறான், தலைக்குமேல் போவதற்கும் வீசுகிறான். நிற்கப் பயம். நேற்று நான்கு முறை போய் நான்கு முறையும் வெளியே வந்தான். இப்படியே ஒரு மாதம் போனால் இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கீழே அனுப்ப இடமில்லை.

வானொலியில் கேட்டதை நாட்காட்டியில் குறித்து வைப்பேன் என்று உன்னிடம் சொன்னதில்லை, நீ சிரிப்பாய் என்று. உன் இருபத்து மூன்றில் நின்றது ஆறு. பதினேழு முறை வீசியிருக்கிறான். நாட்காட்டித் தாள்களைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். காகிதம் கசங்கித்தான் இருக்கிறது.

இனி எனக்கு எழுதாதே.

செசிலியா வாசிக்

*

கார்வில்
ஜூலை 8, 1971

திருமதி வாசிக் அவர்களுக்கு,

தாள்கள் கிடைத்தன. பால்காரர் கணக்குக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே குறித்த குறிப்பைக் காட்டி என் அட்டையைப் பொய் என்கிறீர்கள். ஒரு தாயின் காது எதைக் கேட்க விரும்புமோ அதைத்தான் கேட்கும். அட்டை அப்படியல்ல.

பிலோமினா நொவோட்னி

*

கார்வில்
ஜூலை 26, 1971

செசிலியா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் உன் உரிமை. ஆனால் இந்த உறைக்குள் இருக்கும் இன்னொரு கடிதம் ரேமண்டுக்கு. அதை மட்டும் கிழிக்காதே.

முந்தைய வாரம் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். டுப்ரே வந்து மூன்று வாரமாகியிருந்தது. அவனும் அடிக்கவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் அவன் வெளியேறியபோது, "பாவம், வீசிப் பாத்தான்" என்றார் ஹ்ருஸ்கா. நான் நேராக ஒரு 'கே' போட்டேன். பின்வரிசையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி, "எங்க வீசினான்? மரம் மாதிரி நின்னான், மூணு பந்தையும் பாத்துக்கிட்டு" என்றாள். இன்னும் இரண்டு பேர் அவள் சொன்னதுதான் சரி என்றார்கள்.

ஹ்ருஸ்காவைப் பார்த்தேன். வீசினான் என்று ஏன் சொன்னார் என்று கேட்டேன். சும்மா வாயில் வந்ததாம், பையன் புதுசு என்ற இரக்கத்தாலாம். அப்படியானால் ரேமண்ட் நின்றதாகச் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது கடுப்புல சொல்றதுதானே, மிசஸ் நொவோட்னி. அவன் வீசினாலும் எனக்கு நின்ன மாதிரிதான். நீங்க அதையா எழுதினீங்க? உங்க கண்ணால பாத்துல்ல எழுதுறீங்கன்னு நெனச்சேன்."

என் கண்ணால்.

செசிலியா, இலையுதிர் காலத்திலிருந்தே வெயிலில் எனக்கு மைதானம் பால் ஊற்றியது போலத் தெரிகிறது. நடுவர் கையைத் தூக்குவது தெரியும். மட்டை தெரியாது. கண்புரை என்று வைத்தியர் பிப்ரவரியிலேயே சொன்னார். அறுவைக்கு நாள் குறிக்கச் சொன்னார். ஆட்டப் பருவம் முடியட்டும் என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாதவள் எழுதிய அட்டையை யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. லெனார்ட் இருந்தபோதும் நான் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அவர் பார்த்துச் சொல்வார், "வீசினான் ஃபில்", "நின்னான் ஃபில்" என்று. நான் குனிந்து எழுதுவேன். எழுத்து அழகாக இருக்கவேண்டுமே. நாற்பது வருஷம் அவர் கண்ணைத்தான் என் கண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நேர்மையானவர், அதனால் அட்டை நேர்மையாக இருந்தது. அவர் இருக்கையில் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தார். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன்.

உன் நாட்காட்டித் தாள்களை ஆட்டம் ஆட்டமாக என் அட்டைகளோடு வைத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆனது. ஆறுதான். பதினேழு இடங்களில் அழித்துத் திருத்தியிருக்கிறேன். அழித்து எழுதிய இடம் காட்டு என்றேனே, இப்போது பதினேழு இருக்கின்றன.

மாலைப் பத்திரிகைக்கு நேரே போனேன். முதல் கடிதத்தை ஐந்தாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டவர்கள், நான் கொடுத்த திருத்தத்தைப் பழைய குளிர்பெட்டி விற்பனை விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள். அங்கே நான் பேசிய பேச்சை சிஸ்டர் பெனடிக்டா கேட்டிருந்தால் முட்டி போட வைத்திருப்பார். பயனில்லை. விரிப்பில் எழுதினவர்கள் விற்பனைப் பகுதி படிக்கமாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் சமாதானம் சொல்லக்கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகையால் சொல்லவில்லை. நான் உன் மகனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னேன்.

பிலோமினா

*

கார்வில்
ஆகஸ்ட் 16, 1971

செசிலியா,

மூன்று வாரமாகிவிட்டது. நீ பதில் எழுதவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்பது காலுக்குப் பயிற்சி.

வலது கண்ணில் அறுவை முடிந்தது. கட்டைப் பிரித்துத் தடித்த கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் ஆந்தை போல இருக்கிறேன். ஆனால் தெருமுனைப் பெயர்ப்பலகை தெரிகிறது. ஹெரன்ஸ் கடைசி இடத்தில் இருக்கிறார்கள். மேலாளர் இன்னும் அதே கேட்சரைத்தான் முதலில் அனுப்புகிறார். நான் போகவில்லை. லெனார்டின் இருக்கையையும் என் இருக்கையையும் விட்டுவிட்டேன்.

ரேமண்ட் என் கடிதத்தைப் படித்தானா என்று மட்டும் தெரிந்தால் போதும். ஆம் அல்லது இல்லை. அஞ்சலட்டை போதும்.

பி.

*

லேக் ஹேவன்
ஆகஸ்ட் 23, 1971

பிலோமினா,

ஆம்.

உன் கடிதத்தைப் பத்து நாள் சமையலறை இழுப்பறையில் வைத்திருந்தேன். கொடுக்க மனமில்லை. உனக்கு நிம்மதி கிடைத்துவிடுமே என்றுதான். பிறகு அவன் தலைக்குமேல் போன ஒரு பந்துக்கு வீசிக் கீழே விழுந்ததைப் பார்த்தேன். அன்று மாலையே கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், முட்டைக்கோஸ் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டான். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து ஆட்டம். முதல் பந்து வெளியே போனது. விட்டுவிட்டான். இரண்டாவதையும் விட்டான். நான் மூச்சு விடவில்லை. நான்கு கெட்ட பந்துகளை அடிக்காமல் விட்டதற்குப் பரிசாக, மட்டையைப் போட்டுவிட்டு நடந்தே முதல் தளத்துக்குப் போனான். யாரும் கைதட்டவில்லை, நடந்து போகிறவனுக்கு யார் கைதட்டுவார்கள்? நான் எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர் என் முழங்காலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார். அதற்குப் பிறகு ஐந்து ஆட்டங்களில் ஏழு அடி. அடுத்த வருஷமும் இங்கே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மைதானத்துக்கு இனி அவனைக் கூப்பிடமாட்டார்கள். அதை நீ திருப்பித் தரமுடியாது. நான் அதை மறக்கவும் மாட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். பேனா வரவில்லை. வரும்போது சொல்கிறேன்.

ஆனால் இங்கே இப்போது நானே அட்டை எழுதுகிறேன், சகிக்கவில்லை. கட்டத்துக்குள் எதுவும் நிற்பதில்லை. எழுதக் குனிந்தால் ஆட்டம் போய்விடுகிறது, ஆட்டத்தைப் பார்த்தால் எழுத்துப் போய்விடுகிறது. நேற்றைய அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார்த்துப் பல்லைக் கடித்துக்கொள். ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு 'கே' திருப்பிப் போட்டிருக்கும். நேற்று அவன் நிஜமாகவே நின்றான். நல்ல பந்து, நடுவில் வந்தது, மரம் மாதிரி நின்றான். அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அழிக்கவில்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆட்டம். காலைப் பேருந்தில் வந்தால் சரியாக இருக்கும். பென்சில் கொண்டு வா, இங்கே இருப்பதெல்லாம் மொட்டை. அந்த ஆந்தைக் கண்ணாடியை வெயிலில் போட்டுக் கெடுத்துக்கொள்ளாதே. நான் பார்த்துச் சொல்கிறேன், நீ குனிந்து எழுது.

என் மகன்தான். ஆனாலும் நின்றால் நின்றான் என்றே சொல்வேன்.

செசிலியா