கிரெஃப்ட் என்றால் பலம் இல்லை

இங்கே சுவிஸில், அட்லிஸ்வில் ரயில் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஓர் உடற்பயிற்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடி முழுக்க ‘கிராஃப்ட்’ என்று ஆளுயர எழுத்து. டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பலம் என்று பொருள். பார்க்காமல் கடந்துவிடத்தான் தினமும் நினைக்கிறேன், கண் கேட்பதில்லை.

எங்கடின் மலைப்பக்கத்து ஹோட்டலில், தோழி, நாம் இருவரும் அறைகள் துப்புரவாக்கிய காலத்திலிருந்தே உன் கடிதங்களை வாசித்துச் சொல்வது நான்தான். விசா, வரி, காப்புறுதி எல்லாம் என் கைக்கு வந்துவிடும். “எடியே, நீதான் எங்கடை வக்கீல்” என்பாய். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. மகனோடு டென்மார்க்குக்குப் போன பிறகும் நீ மாறவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாய்.

“மகனிட்டைக் காட்டன்” என்றேன்.

“அவன் பாவம், வேலையாலை களைச்சு வாறான். டெனிஷும் டொச்சும் சொந்தக்காரர்தானே, நீ பாத்துச் சொல்லு.”

அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல், கிரெஃப்ட். அகராதியைத் திறக்கவில்லை. “பலம் எண்டு போட்டிருக்கடி. உடம்பு நல்ல பலமாய் இருக்காம்” என்றேன். நீ சிரித்தாய். வரச்சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் பிட்டு அவித்தாய்.

நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. டெனிஷில் அந்தச் சொல்லுக்குப் புற்றுநோய் என்று பொருள். பிறகு தேடித்தேடி வாசித்தேன். பலத்துக்கும் அதற்கும் ஓர் உறவும் இல்லை. பழைய வட ஜெர்மன் பேச்சில் நண்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாம். டொச்சில் அதே நோய்க்கு நாங்கள் சொல்கிற ‘கிரெப்ஸ்’ஸும் அந்த நண்டுதான். எத்தனை பேருக்கு மொழிபெயர்த்த சொல்! டெனிஷ் உடுப்பில் வந்ததும் பாவி எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் தொலைபேசியில் அழுதபோது நீதான் அதட்டினாய். “கடிதமே வரேல்லை எண்டு அவனிட்டைச் சொல்லிப்போட்டன். நீ வாயைத் திறக்காதை. நான் போனால் அவனுக்கு நீ ஒருத்திதான்.”

நீ போன பிறகு ஞாயிறுதோறும் உன் மகன் எனக்கு அழைக்கிறான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. உனக்குக் கொடுத்த வாக்கைச் சுமப்பதா, அவனிடம் இறக்கி வைப்பதா என்று தெரியவில்லை. போன கிழமை அந்த ஆஸ்பத்திரியைத் திட்டித் தீர்த்தான்.

“கடிதம் அனுப்பியிருந்தால் அம்மா இருந்திருப்பா, அன்ரி. முறைப்பாடு எழுதுறன். அனுப்ப முதல் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. நீங்கள்தானே எங்கடை வீட்டுக் கடிதமெல்லாம் பாக்கிறனீங்கள்.”

“ஓம் தம்பி, அனுப்பு” என்றேன்.