மல்பே, ஆறாம் படம்

மைசூர், 12-3-1954, வெள்ளி.

ருக்மிணி போய் ஒரு மாதம் ஆகிறது. கூடத்தில் மாட்ட அம்மா படம் வேண்டும் என்றாள் மகள் கோதை. எங்கள் கல்யாணத்தில் யாரும் படம் எடுக்கவில்லை. என் பெட்டியில் கடலோர அஸ்தமனங்கள் நூறு இருக்கும். அவள் இருப்பது ஒன்றில்தான். மல்பேயில் பாறைமேல், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து நிற்கிறாள்.

அன்றைக்கு, "ஏன்னா, முகம் தெரியுமா?" என்று கேட்டாள். "பேசாம நில்லு, வெளிச்சம் போறது" என்றேன். கேமராவைச் சூரியனுக்குத் தகுந்தபடி வைத்து எடுத்தேன்.

இன்று கோதையும் நானும் அந்த நெகடிவை ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனோம். ஸ்டூடியோக்காரர் விளக்கில் பிடித்துப் பார்த்தார். கடலும் வானமும் இருந்தன. அவள் இருந்த இடம் மட்டும் வெறும் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது.

"முகம் விழவே இல்லியே ஸ்வாமி. பரவாயில்ல, பென்சில்ல வரைஞ்சிடலாம். மூக்குத்தி எந்தப் பக்கம்?"

இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வலது பக்கம்" என்றாள் கோதை. வீடு வந்ததும் நேரே உள்ளே போய்விட்டாள்.

எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதிவைப்பது என் பழக்கம். இப்போது அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ஷட்டர், மேகம், காற்று எல்லாம் பிசகாமல் எழுதியிருக்கிறேன். அவள் நிற்கும் ஆறாம் படத்துக்கு எதிரே என் கையெழுத்து:

"பாறை நன்று. அளவு தெரிய ஓர் ஆள்."