சுருளில் ஏழாவது படம்

1927 ஜூலை 9, சனி

இன்று சாயங்காலம் நாலே காலுக்கு என் கடை வாசலில் ஷேக் அலாவுதீனைக் குத்திக் கொன்றார்கள். நான் அப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். முஹர்ரம் ஒன்பது. போரியா கூட்டங்கள் வேஷம் கட்டிப் பாடி ஆடிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிற நாட்கள். அலாவுதீனின் கூட்டம் இந்த வருஷம் பேண்டுக்காரர் வேஷம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இடுப்பில் சிவப்புக் கச்சை, மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த ஊதுகுழல், சணல் மீசை. இருபது பேரையும் வரிசையாக வைத்துப் படம் பிடித்துத் தருவதாகப் பேச்சு. கண்ணாடி விற்று, படமும் எடுத்துத் தருகிற என் கடை வாசலில் நிறுத்தி ஆறு படம் எடுத்தேன். ஐந்தாவதில் ஒருவன் மீசை கழன்று விழுந்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதுவும் நல்ல படம்தான்.

அந்த நேரம் பார்த்துப் பிட் ஸ்ட்ரீட் பக்கமிருந்து கப்பல் கூட்டம் வந்தது. அவர்களும் வெள்ளை உடுப்பு. கச்சை மட்டும் கறுப்பு. அட்டையில் கப்பல் செய்து, புகைபோக்கியில் சாம்பிராணி போட்டுத் தூக்கி வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் பஷீர், என் மனைவி நூர் பீவியின் தம்பி, தொங்கான் படகு ஓட்டுகிறவன்.

யார் யாரைப் பாட்டிலே வம்புக்கு இழுத்தார்கள் என்று தெரியாது. ஒருவன் அட்டைக் கப்பலை மிதித்தான். அதோடு பாட்டு நின்றது. டின் ஊதுகுழலால் ஒருவன் இன்னொருவன் வாயிலேயே அடித்தான். பல் தெறித்து என் கடை முன்நடையில், அஞ்சடியில், விழுந்தது. துடுப்பு, சைக்கிள் சங்கிலி, உடைத்த சோடா பாட்டில். கீழே விழுந்தவன் தலையை இரண்டு பேர் மாறி மாறி உதைத்தார்கள். நான் உள்ளே ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் சுருளைத் திருகி, இன்னும் இரண்டு தடவை விசையை அழுத்தினேன். ஏன்? காசாகும் என்று தோன்றியது. வேறு காரணம் எழுதினால் பொய்.

கூட்டம் கலைந்த பிறகு அலாவுதீன் மட்டும் சாக்கடை ஓரம் உட்கார்ந்திருந்தான், விலாவைப் பொத்திக்கொண்டு. தண்ணீர் கேட்டான். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஜூலை 10, ஞாயிறு

பிலிம் கழுவினேன். மாடிப்படிக்குக் கீழே இருட்டறை, சிவப்புக் கண்ணாடி விளக்கு. இந்த ஊர்ச் சூட்டில் மருந்துத் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுத்தாலும் பிலிமின் மேல்பசை இளகி உருவம் வழிந்துவிடும். அதனால் பெரிய கட்டி ஐஸ் வாங்கி, தட்டைச் சுற்றிப் போட்டேன். சுருளின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு மருந்தில் மேலும் கீழும் இழுக்க வேண்டும். பத்து நிமிஷம், கை விட்டுப்போகும்.

ஏழாவது படம் அப்படி விழும் என்று நான் நினைக்கவில்லை. காயவைத்து, மத்தியானம் ஒரு பிரதி போட்டேன். அலாவுதீன் பக்கவாட்டில் நிற்கிறான். அவன் விலாவில் கத்தி பாதி இறங்கியிருக்கிறது. கத்தியும் கையும் துல்லியம். குத்தியவன் தலையைத் திருப்பியதால் முகம் மட்டும் புகை மாதிரி கலங்கிவிட்டது. வெள்ளைக் கால்சட்டை. கச்சை கறுப்பு.

கறுப்புக் கச்சை என்றால் கப்பல் கூட்டம்.

எட்டாவதில் கால்கள்தான்.

ஜூலை 11, திங்கள்

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து ஒரு பிரதி வாங்கிப் போனார். அவர் போனதும் ஊரே வந்தது. பிரதி முப்பது காசு என்றேன். பேரம் பேசாமல் வாங்கினார்கள்.

நூர் பீவி மாடியிலிருந்து இறங்கி வந்து, அது என் தம்பி கூட்டமில்லையா என்று கேட்டாள். முகம் தெரியவில்லையே, கூட்டத்தில் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்களே, உன் தம்பிக்கு என்ன வந்தது என்றேன். அப்போது அது எனக்கு நியாயமான பதிலாகத்தான் பட்டது.

ஜூலை 12

முப்பத்தொரு பிரதி போயிற்று. காகிதம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 14, வியாழன்

பஷீரை அடித்துப் போட்டுவிட்டார்கள்.

பட்டப்பகலில், படகுத் துறையில், நூறு பேர் பார்க்க. பத்துப் பேர் வந்து தொங்கானிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். முன்னால் நின்றவன் கமாலுதீன், செத்துப்போன அலாவுதீனின் பெண்டாட்டிக்குத் தம்பி. என் படத்தைப் பஷீர் சட்டையில் ஊசியால் குத்தி, "தலைவன்தானே நீ, உன் கூட்டத்துல யாரு குத்தினாலும் உன் கைதான்" என்றானாம். வலது கையைப் படகு கட்டும் கல் மேல் வைத்து, சின்ன நங்கூரம் ஒன்றைத் தூக்கி அடித்திருக்கிறான். ஒவ்வொரு அடிக்கும், "இந்தக் கையா? இந்தக் கையா?" என்று கேட்டானாம். துறையில் நின்று பார்த்து வந்தவர் சொன்னது இது.

அதற்குப் பிறகு போலீஸ் வந்தது. அடித்தவர்களைக் காட்டிக்கொடுக்க அந்த நூறு பேரில் ஒருவரும் முன்வரவில்லை; போலீஸ் பஷீரையே பிடித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சேர்த்துக் காலில் சங்கிலி. கொலை வழக்கு. சாட்சி என் படம்.

ஜூலை 15

பஷீரின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். வழக்கில் தோற்றால் கழுத்தும் போகும்.

நூர் பீவி சோறு வைத்தாள். நான் கை கழுவும்போது கேட்டாள்: "முப்பது காசா, ஒரு படம்?" ஆமாம் என்றேன். செம்பைத் தூக்கி எறிந்தாள். நெற்றி கிழிந்தது. துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 17, ஞாயிறு

கமாலுதீன் கடைக்கு வந்தான். நல்ல பிள்ளை மாதிரி சலாம் சொல்லி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அந்தச் சுருள எனக்குக் குடுத்துருங்க நானா. மச்சான் சாவுறதத் தெருவுல நின்னு பாக்குறானுங்க. அக்காவுக்குத் தாங்கல. அம்பது வெள்ளி தர்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அப்போதிருந்து அதே யோசனைதான். பதினான்கு வயதில் சீப்பும் கைக்கண்ணாடியும் சுமந்து விற்று வளர்ந்தவன் நான். இரண்டு வெள்ளிப் பொருளுக்கு ஒருவன் ஐம்பது தருகிறான் என்றால், அந்தப் பொருளில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் படம் அவன் பக்கத்துச் சாட்சி. பஷீரைத் தூக்கில் போட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை ஏன் இல்லாமல் ஆக்கப் பார்க்கிறான்?

ஜூலை 18, திங்கள்

கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் பூதக்கண்ணாடி வாங்கி வந்து உட்கார்ந்தேன்.

குத்தியவனை விட்டுவிட்டு, முதல் முறையாகச் செத்தவனைப் பார்த்தேன். அலாவுதீன் இடுப்பிலும் கறுப்புக் கச்சை.

அவன் கச்சை சிவப்பு. என் கண்ணால் பார்த்தேன். மற்ற ஆறு படத்தையும் எடுத்துப் பார்த்தேன். இருபது பேண்டுக்காரருக்கும் கச்சை கறுப்பு.

எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரிந்த விஷயம். சிவப்புத் துருக்கித் தொப்பி போட்டு வருகிறவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்: இந்த பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகத்தான் விழும், குறை சொல்லக்கூடாது என்று. அது தெரியாததால்தானே அதைச் சிவப்பு விளக்கில் கழுவ முடிகிறது. பின்னே ஏன்டா அன்னைக்கு மட்டும் தோணல? மறந்தேனா, மறந்துகொண்டேனா? வாசலில் ஆள் நின்றது. கல்லா நிறைந்தது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் பார்த்தேன். குத்தியவன் கச்சையின் கீழ் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. அலாவுதீன் கச்சையிலும் அதே கோடு. வரிசைப் படத்தில் மற்றவர்களைத் தேடினேன். பதினெட்டுப் பேருக்குக் கோடு இல்லை. இருபதாவது ஆளின் கச்சை தெரியவில்லை. வயிற்றை மறைத்துக்கொண்டு பெரிய தகர டிரம். டிரம்முக்கு மேலே சிரிக்கிற முகம் கமாலுதீன்.

ஜூலை 19, செவ்வாய்

காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் முன்னாலேயே ஒரு கான்ஸ்டபிளின் இடது தோளில் சிவப்புத் துணி, வலது தோளில் கறுப்புத் துணி போட்டுப் படம் எடுத்தேன். கழுவி, ஈரத்தோடு பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டும் ஒரே கறுப்பு. மனுஷர் பிரதியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு மலாய் பாஷையில், இதை வைத்துக் கப்பல் கூட்டம் குத்தவில்லை என்றும் சொல்ல முடியாதே என்றார். வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். டிரம்முக்குப் பின்னால் என்ன இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும் என்றார். சுருள் முழுவதையும் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நான் ஸ்டேஷனுக்குப் போனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து திரும்பினேன், ஆறு பேரோடு கமாலுதீன் கடைக்குள் நின்றான். கேள்வி கிடையாது, முதலில் கண்ணாடிகள். ஆளுயரக் கண்ணாடி ஒன்பதையும் இரும்புக் குழாயால் ஒவ்வொன்றாக உடைத்தார்கள். பிறகு என்னை முகம் குப்புற அந்தச் சில்லுகளின் மேல் போட்டு, பிடரியில் காலை வைத்து அழுத்தினான்.

"சுருள் எங்க நானா?"

சொல்லியிருந்தால் காலை எடுத்திருப்பான். ஆனால் சுருள் போலீஸிடம் இருக்கிறது என்று தெரிந்தால் இன்றைக்கே கடல் தாண்டி மேடானுக்குக் கப்பலேறிவிடுவான். பஷீர் கதி அதோகதி. அந்த நேரத்திலும் கணக்குப் போட்டேன், சொல்லவில்லை. இன்னொருவன் குழாயால் விலாவில் அடித்தான். எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது.

நூர் பீவி மீன் வெட்டுகிற பாராங் கத்தியோடு இறங்கி வந்தாள். கிட்டே நின்றவனின் முழங்கைக்குக் கீழே ஒரு வெட்டு. சதை தொங்கியது. அவன் அலறிய அலறலில் மற்றவர்கள் ஓடினார்கள். இதை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஒரு கண்ணை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூலை 20

முகத்தில் பதினேழு தையல். இடது கண் தப்பும் என்கிறார் டாக்டர். கமாலுதீன் உஷாராகி ஓடிவிடுவான் என்று போலீஸில் புகார் கொடுக்கவில்லை.

ஜூலை 22, வெள்ளி

டிரம்முக்குப் பின்னால் இருந்ததைச் சொல்ல ஒருத்தி இருக்கிறாள். அலாவுதீனின் மனைவி சலேஹா. புருஷன் கச்சையை அவள்தானே தைத்திருப்பாள்? ஆனால் புருஷன் செத்து இத்தாவில் இருப்பவள் அந்தத் துக்க நாட்கள் முடியும்வரை வாசல் தாண்ட மாட்டாள், அந்நிய ஆண் நான் உள்ளே போக முடியாது. ஜும்ஆ தொழுகை நேரம் பார்த்து, வீட்டில் ஆண்கள் இல்லாதபோது, நூர் பீவியைப் படத்தோடும் பூதக்கண்ணாடியோடும் அனுப்பினேன்.

திரும்பி வந்து சொன்னாள். சலேஹா படத்தை மடியில் வைத்து முதலில் புருஷன் முகத்தைத்தான் பார்த்தாளாம். பிறகு கத்தியை. கச்சைக்கு வர நேரமாயிற்றாம். எழுந்து உள்ளே போய், வெள்ளி ஜரிகை சுற்றிய வெறும் கட்டையைக் கொண்டுவந்து பாயில் வைத்தாளாம்.

"ரெண்டு கச்சைக்குத்தான் பத்துச்சு. ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணு தம்பி கேட்டான், எனக்கும் வேணும், நானும் தலைவன் மாதிரிதானேன்னு. அதுக்குத்தான் அவரு அவனக் கூட்டத்துக்கு முன்னால அறைஞ்சாரு."

போலீஸிடம் சொல்லுவியா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"நீ உன் தம்பிக்காக வந்திருக்க. சொன்னா நான் என் தம்பியக் கொல்லணும். போயிரு லா."

பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாளாம், படத்தைக் கொடுக்கவில்லை.

ஜூலை 23

சலேஹாவிடமிருந்து பதில் இல்லை.

ஜூலை 24

இல்லை.

ஜூலை 25, திங்கள்

சலேஹாவே ஆள் அனுப்பி இன்ஸ்பெக்டரை வரவழைத்தாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஜரிகைக் கதை முழுவதையும் சொன்னாள். முன்கூடத்தில் கமாலுதீன் இருந்தான். அவன் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாளாம்.

திரையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்திருக்கிறான். கான்ஸ்டபிள்கள் பிடிப்பதற்குள் முக்காலியால் அக்காள் முகத்தில் இரண்டு அடி. தாடை உடைந்துவிட்டது. அவர்கள் தடியால் அவன் முட்டியை உடைத்துத்தான் தரையில் கிடத்த முடிந்ததாம். அவன் பெட்டிக்கு அடியில் கச்சை கிடைத்தது, துவைக்காமல். சிவப்பில் ரத்தம் தெரியாது என்று நினைத்திருக்கிறான். ஜரிகையில் தெரிந்தது.

ஜூலை 26

பஷீர் காலில் சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள்.

ஜூலை 30, சனி

விற்ற பிரதிகளைத் திரும்ப வாங்க இரண்டு நாளாக அலைகிறேன். பத்தொன்பது கிடைத்தன. என் முகத்துத் தையலைப் பார்த்துச் சிலர் சும்மா கொடுத்தார்கள். காப்பிக்கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்தார், ஒரு வெள்ளி கேட்டார். "அதப் பாக்கத்தான் நானா ஆளுங்க வர்றானுங்க" என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

பஷீர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தான். அக்காளைப் பார்க்க மாடிக்குப் போகவில்லை. என் எதிரில் உட்கார்ந்தான். நூர் பீவி படியில் வந்து நின்றாள்.

"மச்சான், நீங்க வியாபாரி. ஒரு கை என்ன வெல, சொல்லுங்க."

முன்னூறு வெள்ளி என்றேன். அதற்குமேல் கையில் இல்லை என்றும் சொன்னேன். அது நிஜம்.

"முன்னூற ரெண்டு வருஷத்துல தின்னுருவேன். அப்புறம் பிட் ஸ்ட்ரீட்ல உக்காந்து கையேந்தணும். அதுவும் ஒரு கையத்தான் ஏந்தலாம்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். கடையில் பாதி என்றான்.

ஒளிக்காமல் எழுதுகிறேன்: பேரம் பேசினேன். பதினெட்டு வருஷத்துக் கடை. மூன்றில் ஒரு பங்கு என்றேன். சம்பளத்தோடு என்றேன். வேலையும் பழக்கித் தருகிறேன் என்றேன். அவன் கட்டு அவிழ்த்த கையை மேசை மேல் எடுத்து வைத்தான். தையல் இன்னும் காயவில்லை. சரி, பாதி என்றேன்.

மாடியிலிருந்து நூர் பீவி காகிதம் கொண்டு வந்தாள். எழுதினோம். கடையில் பாதி பஷீருக்கு. லாபத்திலும் பாதி, நட்டத்திலும் பாதி. உடைந்த ஒன்பது கண்ணாடி மட்டும் என் தலையில். கல்லாவில் அவன் உட்காருவான். நான் எடுக்கிற எந்தப் படமும் அவன் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு பிரதிகூட விற்கக்கூடாது. இன்று தேதி முதல்.