தட்டிப் பார்த்து வாங்கிய பெட்டி

ஆவணி, வெள்ளிக்கிழமை. தேர்தல் முடிந்து எமர்ஜென்சியை எடுத்த வருஷம்.

வாதத்தில் இடது கை விழுந்த பிறகு ஆர்மோனியத்துக்குத் துருத்தி போட முடியவில்லை. வலது கையாலாவது வாசிக்கட்டும் என்று மகன் துபாயிலிருந்து கீபோர்டு அனுப்பினான். ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டினால்தான் அதற்குச் சத்தம் வரும். இன்று ரேடியோ கடைக்குப் போனேன். கடைக்கார மணி இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து வைத்தான். இரண்டையும் விரல் முட்டியால் தட்டினேன். ஒன்று கணீரென்றது. மற்றது செத்த சத்தம்.

"தட்டாதீங்க பெரியவரே. ஜாடி வேற, இது வேற. பெட்டி ஊமையா இருந்தாதான் பாட்டு சுத்தமா வரும்."

"சூளையில பத்து வருசம் ஜாடி தட்டுன கையிடா இது. விரிசல் வுட்டதுதான் இப்பிடி செத்த சத்தம் குடுக்கும். கணீர்னு இருக்கிறதக் கட்டு."

வீட்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் பெட்டியும் சேர்ந்து இரைந்தது.

"வாசிக்கிறீங்களா, கொளவிக் கூட்டக் கலைக்கிறீங்களா?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

நிறுத்திவிட்டேன். மாற்றாவிட்டால் இந்த வலது கைக்கும் வேலை இல்லை. மாற்றப் போனால் மணி சிரிப்பான். இதை எழுதி முடிப்பதற்குள் கண் அயர்கிறது. நாளைக்குக் கடைக்குத் துணையாக ஒரு ஆள் வந்தால் தேவலை. நான் ஏன் தட்டினேன் என்பது சொல்லாமலே தெரிந்த ஆள். ஜாடி தட்டும் இடத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். இப்போது என்னைத் தவிர மிச்சம் மங்கலம்பேட்டை காதர் பாய் ஒருவர்தான்.